பழைய மடிக்கணினியும் பிறர் பூட்டும்



என் மாணவன் ஒருவனுடைய தந்தையார் 280 வெள்ளி கொடுத்துப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தார். கடையில் நன்றாகவே இயங்கியதாம். வீட்டில் உள்ளிருந்தவற்றை அழித்துப் புதிதாக அமைக்க முற்பட்டபோது, முன்பின் அறியாத ஒருவரின் மறைச்சொல்லைக் கேட்டு நின்றுவிட்டது. கடைக்காரரோ, "இன்னும் 50 வெள்ளி கொடுங்கள், பூட்டை உடைத்துத் தருகிறேன்" என்றிருக்கிறார். மறுநாள் அம்மாணவன் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டான்: "ஐயா, இது திருட்டுப் பொருளா?"

"தெரியாது" என்பதே என் விடை. திருடப்பட்டதாக இருக்கலாம், நிறுவனம் ஒன்று கழித்துக் கட்டியபோது விடுவிக்க மறந்ததாகவும் இருக்கலாம்.

பழைய பொருள் வாங்குவது நமக்குப் புதிதன்று. தேக்காவிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்படும்வரை, வானொலியையும் கைக்கடிகாரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினோம். கைக்கு வந்தால் நமது. கணினி அப்படியன்று. பொருள் நம் மேசையில் இருக்கும். அதன் உரிமையோ தொலைவிலுள்ள வழங்கியில் வேறொருவர் பெயரில் பதிந்திருக்கும். ஆப்பிள் நிறுவனம் இப்பூட்டை 2013இல் ஐபோனிலும் ஐபேடிலும் கொண்டுவந்தது; பின்னர் மேக் கணினிகளுக்கும் அது வந்தது. திருடனுக்குப் பயன்படாமல் செய்வதே நோக்கம். நான் அதைக் குறைகூற மாட்டேன்.

இன்னொரு வகை, நிறுவனங்களும் பள்ளிகளும் இடும் மேலாண்மைப் பூட்டு. நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களிலும் மேலாண்மைச் செயலி உண்டு. 2024 ஆகஸ்டில் மொபைல் கார்டியன் என்னும் அத்தகைய செயலிக்குள் ஊடுருவல் நிகழ்ந்து, 26 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மேலாண்மை யார் கையிலோ அவர் கை நம் பொருளுக்குள் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே பணம் கொடுக்கும் முன், விற்பவர் கண்ணெதிரே செய்ய வேண்டியவை சில:

1. அவர் தம் கணக்கிலிருந்து வெளியேறி, கணினியை முழுமையாக அழித்துத் தரட்டும்.

2. பிறகு உங்கள் கைப்பேசியின் இணையத்தில் இணைத்து, முதல் அமைப்பைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை செய்து பாருங்கள். இணையம் இல்லாவிட்டால் பல பூட்டுகள் வெளிப்படா.

3. பழைய உரிமையாளரின் கணக்கையோ, ஏதேனும் நிறுவனம் அல்லது பள்ளியின் பெயரையோ திரை காட்டினால் வாங்காதீர்கள். குரோம்புக், விண்டோஸ் கணினிகளுக்கும் இது பொருந்தும்.

4. கணினி துவங்கும்போது பயாஸ் அமைப்புக்குள் மறைச்சொல் இன்றி நுழைய முடிகிறதா என்றும் பாருங்கள்.

5. தொடர் எண் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். இணையத்தில் தனியாள் ஒருவரிடம் வாங்கினால் பொருந்தாது.

இருபது நிமிட வேலைதான். "நேரமில்லை" என்று விற்பவர் சொன்னால் அதுவே விடை!

விற்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் பழைய சாதனத்தைக் கொடுக்கும்போது கணக்கை நீக்கிக் கொடுப்பது நம் கடமை. பள்ளியின் மேலாண்மை எஞ்சியிருந்தால் முதலில் பள்ளியிடம் கேட்டு நீக்குங்கள். மறதியால் விடப்படும் ஒரு பூட்டு, சிக்கனமாக வாழும் ஒரு குடும்பத்தின் மாதச் சேமிப்பை விழுங்கக்கூடும்.

பூட்டை உடைப்பது பற்றி என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. யாருடையது என்று தெரியாத பொருளின் பூட்டை 50 வெள்ளிக்கு உடைக்கும்போது, பிள்ளை அருகில் நின்று பார்க்கிறது. நன்னெறிப் பாடத்தில் நாம் ஓராண்டு சொல்லிக்கொடுத்ததை அந்த ஒரு மாலை அழித்துவிடும்.

அத்தந்தையார் உடைக்கவில்லை. மூன்று முறை கடைக்கு நடந்தார். 250 வெள்ளி திரும்பக் கிடைத்தது. முப்பது வெள்ளி போனதே என்று அவருக்கு வருத்தம்தான். மகனோ இப்போது தலைநிமிர்ந்து வகுப்புக்கு வருகிறான்.