பூஜ்யம் தொடாத மின்சாரம்

சுவிட்சை அணைக்கும்போது உள்ளே சின்னதாய் ஒரு பொறி பறக்கும். மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அது உடனே அணைந்துவிடுகிறது. நேர்திசை மின்னோட்டத்தில் அந்தத் தயவு கிடையாது. பழுது வந்தால் சில மில்லி விநாடிகளில் மின்னோட்டம் எகிறும், பொறி நின்று எரியும். சீனாவின் ஜாங்பெய்யில் 2020-இல் இயங்கத் தொடங்கிய 500 கிலோவோல்ட் நேர்திசை வலையமைப்பில் மின்னோட்டத்தைத் துண்டிக்க இதற்கென்றே பிரேக்கர்கள் உண்டு. பழுது தெரிந்ததும் மின்னோட்டம் குறைகடத்திகளின் பக்கம் திருப்பப்படுகிறது. அதன்பின் தொடுமுனைகள் பிரிகின்றன. குறைகடத்தி அடைத்துக்கொள்ள, மிச்ச ஆற்றலை அரெஸ்டர் என்ற மின் தடுப்பான் விழுங்குகிறது. விலை அதிகம்தான். இல்லையென்றாலோ, ஒரு கம்பியின் பழுதுக்கு முழு வலையையும் நிறுத்த நேரிடலாம். காற்றாலை மின்சாரத்தை நேர்திசை வலையில் தொலைதூரம் கொண்டுபோகத் திட்டமிடுபவர்களே, முதல் மதிப்பீட்டிலேயே பிரேக்கருக்குப் பணம் ஒதுக்குங்கள்.