தேனீயும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்

தேனீக்களைக் கொல்லும் நோய்களைத் தடுப்பதற்காக, வெளிநாடுகளில் உயர்தரப் பள்ளிக்கூட மாணவர்கள் மரபணு மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள் என்று சொன்னால், நம் நாட்டில் இரண்டு விதமான பதில் வரும். வைதீகர், "இது கடவுள் படைப்பில் கை வைப்பதல்லவா?" என்பார். படித்தவர், "பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? பரீட்சைக்குப் படிக்கட்டும்" என்பார். இந்த இரண்டு பதிலும் ஒரே மரத்துக் காய்கள்தான் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் கடவுள் படைப்பைக் கவனிப்போம். 1991, 1992-ம் வருஷங்களில் 'தாய் சாக் புரூட்' என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் புகுந்தது. 1976-ல் தாய்லாந்தில் முதன்முதல் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். நாம் பெட்டியில் வைத்து வளர்க்கும் அடுக்குத் தேனீயின் புழுக்கள், தண்ணீர் கட்டிய பை போல ஊதிச் செத்தன. 100-க்கு 90 பங்குக்கு மேல் தேனீக் குடும்பங்கள் அழிந்தன. கேரளம், கருநாடகம், தமிழ்நாடு மூன்றிலும் தேன் பெட்டியை நம்பிப் பிழைத்தவர்கள் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார்கள். மார்த்தாண்டம் பக்கத்துக் குடியானவர்களைக் கேட்டால் அந்தக் கஷ்டத்தைச் சொல்லுவார்கள்.

தேனீயைப் படைத்தது கடவுள் என்றால், அதைக் கொன்ற வைரஸைப் படைத்தது யார்? குடம் குடமாகத் தேனில் அபிஷேகம் செய்துகொள்ளும் சாமிகளில் ஒன்றாவது, தேன் கொடுத்த பூச்சிக்காக ஒரு விரலையாவது அசைத்ததுண்டா? தன் அபிஷேகத்துக்குத் தேன் குறையுமே என்கிற சுயநலத்துக்காகவாவது அசைத்திருக்கலாமே! ஏலத்தோட்டத்தில் பூ காயாவதற்குத் தேனீ வேண்டும். சூரியகாந்திக்கும் பூசணிக்கும் வேண்டும். தேனீ போனால் தேன் மட்டுமல்ல, குடியானவன் விளைச்சலும் போகும்.

நிற்க, மனிதனுடைய அறிவு இது விஷயத்தில் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். வைரஸ் என்பது உயிருள்ள உடலுக்குள் புகுந்து, தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் நகல் எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு பொருள். சாக் புரூட் போன்ற வைரஸ்களில் அந்த நகலுக்கான உத்தரவு ஆர்.என்.ஏ. என்னும் இழையில் இருக்கிறது. அந்த உத்தரவைப் போன்ற இரட்டை இழைத் துண்டு ஒன்றை உடலுக்குள் விட்டால், உடலே அதை அடையாளமாக வைத்துக்கொண்டு, வைரஸின் உத்தரவைத் தேடித் துண்டு துண்டாக்கிவிடும். இந்த உண்மையை 1998-ல் வெளியிட்ட ஃபயர், மெல்லோ என்னும் இருவருக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2010-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய துண்டை அடுக்குத் தேனீயின் சீன வகைக்குத் தீனியோடு ஊட்டி, சாக் புரூட் வைரஸ் பெருகுவதைத் தடுத்துக் காட்டினார்கள். 2020-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் சர்வகலாசாலையார் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். தேனீயின் குடலில் இயற்கையாக வாழும் ஒரு பாக்டீரியாவை எடுத்து, அதுவே இந்தத் துண்டைச் செய்து கொடுக்கும்படி மாற்றினார்கள். சிறகைக் கோணலாக்கும் வைரஸிலிருந்தும், வரோவா என்னும் உண்ணியிலிருந்தும் தேனீக்கு அது பாதுகாப்புக் கொடுத்தது.

"இது பெரிய பண்டிதர்கள் வேலை, பிள்ளைகளால் ஆகுமா?" என்று கேட்கலாம். பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்தி, அதைப் பச்சை ஒளி வீசச் செய்வது அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் சாதாரணப் பாடம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய 'ஐஜெம்' என்னும் போட்டியில், 2011 முதல் உயர்தரப் பள்ளி மாணவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பிள்ளைகளைவிட மூளை அதிகம் என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா? அவர்களுக்குக் கருவியும் இடமும் கிடைத்தன, நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைத் தேனீயே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே விதமான முட்டையில் பிறந்தவை. கடைசி வரையில் ராணிக்கூழ் ஊட்டப்பட்ட புழு ராணியாகிறது. சில நாளில் அந்த ஊட்டம் நிறுத்தப்பட்ட புழு வேலைக்காரியாகிறது. 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், புழுவின் ஒரு மரபணுவை மட்டும் அடக்கி வைத்ததில், ராணிக்கூழ் இல்லாமலே பெரும்பாலானவை ராணியின் அமைப்போடு வெளிவந்தன. பிறவியிலேயே மேல் கீழ் எழுதியிருக்கிறது என்பவர்கள் ஒரு தேன்கூட்டைப் பிரித்துப் பார்க்கட்டும்.

சென்னை அபிராமபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அடையாற்றைத் தாண்டினால் ஐ.ஐ.டி. இருக்கிறது, அதன் மாணவர்களும் ஐஜெம் போட்டிக்குப் போய் வந்தவர்களே. தரமணியில் 1988-ல் ஏற்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்து பார்த்திருப்பார்கள்? அடுக்குமாடி வீட்டில் தேன்கூடு கட்டினால் ஆளைக் கூப்பிட்டு நெருப்பு வைப்பதையும், சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குப் பொட்டு வைப்பதையும்தான் அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். மார்த்தாண்டத்துப் பிள்ளைக்கோ தேனீயைத் தெரியும், ஆய்வுக்கூடம் தெரியாது. இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே மேஜைக்கு முன் நிறுத்துவதற்குப் பெயர்தான் கல்வி என்போம்.

இதனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டில் விட்டுவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. மாற்றிய பாக்டீரியா வேறு பூச்சிக்குப் பரவுமா, அதன் பலனைக் கம்பெனிக்காரன் ஒருவனே சுருட்டிக்கொள்வானா என்று கேட்டே தீரவேண்டும். மாற்றிய உயிர்களை வெளியே விடுவதற்கு 1989-ம் வருஷத்திய சட்ட விதிகள் இருக்கின்றன. பிள்ளைகள் மூடிய ஆய்வுக்கூடத்துக்குள், ஆசிரியர் மேற்பார்வையில் கற்றுக்கொள்ளட்டும். பகுத்தறிவு என்பது சாமியை மட்டுமல்ல, விஞ்ஞானியையும் கேள்வி கேட்பதுதான். ஆனால் விஷயம் தெரிந்தவனால்தான் கேள்வி கேட்க முடியும்.

2016 முதல் அடல் ஆய்வுக்கூடம் என்ற பெயரால் சர்க்கார் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரையில் கொடுத்து வந்திருக்கிறது. மின்சாரக் கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடமுள்ள அந்த அறையில் உயிர்நூலுக்கும் ஒரு மேஜை ஏன் போடக்கூடாது? கிராமப் பள்ளியில் ஒரு தேன் பெட்டி ஏன் வைக்கக்கூடாது? ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, வருஷத்தில் எத்தனை நாள் அது திறக்கப்படுகிறது என்று கேளுங்கள். அடுத்த நோய் வருவதற்கு முன் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.