கோப்பை இல்லாத ஓட்டம்!

விடிந்தும் விடியாத வேளை. ஆலைக்குப் புறப்பட்ட தோழர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி நம்மைக் கேட்டார்: "கடற்கரைச் சாலையிலே கூட்டங்கூட்டமாக ஓடுகிறார்களே, என்ன சங்கதி?"

"நோயாளிகளுக்கு நிதி திரட்ட ஓடுகிறார்கள்" என்றோம்.

அவர் சிரித்தார். "நாங்களும்தான் ஓடுகிறோம்! பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். சங்கு ஊதுமுன் ஆலை வாசலைத் தொட ஓடுகிறோம். கடைக்காரர் கண்ணில் படாமல் ஓடுகிறோம். எவரும் கைதட்டியதில்லை. ஆனால் ஒன்று, ஓடுவதற்குக் கட்டணம் கொடு என்று எங்களை எவரும் கேட்டதும் இல்லை!"

சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அவர் போய்விட்டார், அவர் சொன்ன சொல் போகவில்லை.

அப்படியோர் ஓட்டத்தை நாமும் பார்த்திருக்கிறோம். எந்த ஊர், எவர் நடத்தியது என்பது வேண்டாம். கட்டணம் கட்டியவனுக்குப் பனியன், பனியனின் முதுகிலே கம்பெனிகளின் பெயர், ஓடி முடித்தவன் கழுத்திலே பதக்கம், மேடையிலே மாலை, மாலைக்குப் பின்னே பேச்சு, பேச்சுக்குப் பின்னே புகைப்படம். எல்லாம் முடிந்த பிறகு, நிர்வாகி ஒருவரை அணுகி, "வந்தது எவ்வளவு?" என்று கேட்டோம். பெருமையோடு சொன்னார். "மருத்துவமனைக்குச் சென்றது எவ்வளவு?" என்று கேட்டோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்!

இதனால், ஓடி நிதி திரட்டுவதே வீண் வேலை என்று நாம் சொல்லப்போகிறோமோ? இல்லை, தோழர்களே! வீதியோரத்துப் போலியைக் கண்டு, அசலையும் குப்பையிலே போடுபவன் அறிவாளி அல்ல. அசல் எது என்று காட்டவே எழுதுகிறோம்.

கனடா நாட்டிலே ஓர் இளைஞன். பெயர் டெரி பாக்ஸ். கோடீசுவரன் மகனல்ல; தந்தை ரயில்வேத் தொழிலாளி. 1977-இல், பதினெட்டு வயதிலே, எலும்பிலே புற்றுநோய் என்றார்கள். வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அறுவைக்கு முந்திய இரவு, அவனுடைய பழைய பயிற்சியாளர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கையிலே கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த ஒருவரைப் பற்றிய கட்டுரை! கால் போகப்போகிற இரவிலே, ஓடவேண்டும் என்ற கனவு பிறந்தது.

இன்னொன்றும் அவன் உள்ளத்தைத் தொட்டது. பிழைக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு என்றார்கள் டாக்டர்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதானாம்! பதினைந்தை ஐம்பதாக்கியது எது? தலையெழுத்தா? கிரகம் நகர்ந்ததா? இல்லை, ஆராய்ச்சி! ஆய்வுக்கூடத்திலே கண்விழித்த மனிதனின் அறிவு! அந்த அறிவுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை ஓடித் திரட்டுவேன் என்று உறுதி கொண்டான்.

1980 ஏப்ரல் 12. நியூபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரிலே, அட்லாண்டிக் கடல்நீரிலே செயற்கைக் காலை நனைத்துவிட்டுப் புறப்பட்டான். பசிபிக் கரை வரை ஓடவேண்டும். நாளொன்றுக்கு ஒரு மாரத்தான் தூரம், அதாவது ஏறத்தாழ 42 கிலோமீட்டர் என்பது குறி. கூட வந்தது யார்? வண்டி ஓட்ட ஒரு நண்பன். அவ்வளவே! வரவேற்பு வளைவு இல்லை. வாழ்த்து முழக்கம் இல்லை. பனியும் எதிர்க்காற்றும்தான் எதிர்கொண்டழைத்தன.

கம்பெனிகள் வராமல் இல்லை. வண்டி கொடுத்தார்கள், எண்ணெய் கொடுத்தார்கள், காலணி கொடுத்தார்கள், பெற்றுக்கொண்டான். ஆனால், எங்கள் சரக்கைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். நிபந்தனையோடு வந்த நன்கொடையைத் தொடவில்லை. என் ஓட்டத்தால் எவனும் இலாபம் அடையக்கூடாது என்பது அவன் வகுத்த சட்டம்.

போர்ட்-ஓ-பாஸ்க் என்றொரு சிற்றூர். மக்கள் தொகை சுமார் 10,000. அந்த ஊர் அவன் கையிலே வைத்தது 10,000 டாலருக்கும் மேலே! தலைக்கு ஒரு டாலர். பெரிய நகரம் விழித்துக்கொள்ளும் முன்பே சின்ன ஊர் விழித்துக்கொண்டது. அங்கேதான் கணக்குத் தெளிந்தது: ஒருவன் கோடி தருவதற்குக் காத்திருக்க வேண்டாம், கோடிப் பேர் ஒவ்வொன்று தந்தால் போதும்!

143 நாள் ஓடினான். 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகருக்கு அருகே மார்பிலே வலி. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28-இல் மூச்சும் நின்றது. இருபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதமே இருந்தது.

ஆனால் நாடு ஓடத் தொடங்கிவிட்டது! அவன் படுக்கையிலே கிடந்தபோதே இரு மாகாண அரசுகள் பத்துப் பத்து லட்சம் டாலர் வழங்கின. 1981 பிப்ரவரியிலே தொகை 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது; கனடாவின் அன்றைய மக்கள் தொகைக்குத் தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியது. புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த ஓட்டல் அதிபர் ஒருவர், ஆண்டுதோறும் உன் பெயரால் ஓட்டம் நடத்துவோம் என்று தந்தி கொடுத்திருந்தார். அவன் ஒப்பினான், ஒரு விதியோடு. என்ன விதி? போட்டி கூடாது! முதல்வன் இல்லை, கடையன் இல்லை, பரிசு இல்லை!

1981 செப்டம்பர் 13-இல் நடந்த முதல் ஓட்டத்திலே, 760 இடங்களிலே, மூன்று லட்சம் பேர் ஓடினார்கள், நடந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள். திரண்டது 35 லட்சம் டாலர். இன்றுவரை அவன் பெயரால் சேர்ந்தது 80 கோடி டாலருக்கு மேல். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அவன் பெயரால் ஓடியிருக்கிறார்கள். கோப்பையே இல்லாத ஓட்டம், கோடிகளைத் திரட்டியது!

இங்கே ஒரு கேள்வி எழும். "மருத்துவமனை கட்டுவது அரசின் கடமையல்லவா? தெருவிலே ஓடி உண்டியல் குலுக்குவதா?" நியாயமான கேள்வி. அரசின் கடமையிலே ஓர் அணுவையும் நாம் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் மக்கள் அசைந்த பிறகுதான் அந்த மாகாண அரசுகளும் அசைந்தன என்பதை மறக்கவேண்டாம். நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால், 1954-இலே வெறும் 12 படுக்கைகளோடுதானே தொடங்கிற்று! தருமம் என்றால் கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. நாம் கேட்பது அதுவல்ல, தோள் கொடுப்பது. தோள் கொடுக்க இருவரும் ஒரே மட்டத்திலே நிற்கவேண்டும்.

ஆகவே, படிப்பகத் தோழர்களே, சங்கத் தோழர்களே, உங்கள் ஊரிலே ஓர் ஓட்டம் நடத்துங்கள். சிறிதாக நடத்துங்கள், சீராக நடத்துங்கள். 42 கிலோமீட்டர் வேண்டாம். அது மாதக்கணக்கில் பழகியவனுக்கு. ஐந்து கிலோமீட்டர் போதும். ஓட முடியாதவர் நடக்கட்டும். காவல் நிலையத்திலே அனுமதி பெறுங்கள். காலை ஐந்தரைக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடியுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். திருப்பத்துக்கு ஒரு தோழர். முடியும் இடத்திலே ஒரு டாக்டர். 108 வண்டி நுழைய வழி. நெஞ்சுவலி உள்ளவரும் நீரிழிவு உள்ளவரும் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

கட்டணம் வைக்காதீர்கள். வைத்தால், நாம் சொன்ன அந்த ஆலைத் தோழர் வாசலிலேயே நின்றுவிடுவார். ஒவ்வொருவரும் தெருவார் தந்ததைக் கொண்டுவரட்டும். ஐந்து ரூபாயானாலும் ரசீது கொடுங்கள். தண்ணீர்ச் செலவும் நோட்டீஸ் செலவும் நடத்துபவர் கையிலிருந்து போகட்டும். நோயாளியின் பணத்திலிருந்து போகக்கூடாது. மூவர் முன்னிலையில் எண்ணுங்கள். அந்த மூவரில் ஒருவர் உங்கள் குழுவைச் சாராதவராக இருக்கட்டும். அன்று மாலையே படிப்பகப் பலகையில் தொகையை எழுதுங்கள். மருத்துவமனை தரும் ரசீதையும் அதே பலகையில் ஒட்டுங்கள்.

நம்மவர்க்கும் ஒரு சொல், உரிமையோடு சொல்கிறோம். நமக்கு வளைவு கட்டத் தெரியும். தோரணம் கட்டத் தெரியும். ஒலிபெருக்கியிலே ஊரை எழுப்பத் தெரியும். இந்த ஒரு காலையிலே மட்டும் அந்தத் திறமைகளுக்கு ஓய்வு கொடுங்கள். தலைவருக்குப் போடும் மாலையின் விலை, ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டு! எந்தத் தலைவராவது வருவதானால், சால்வைக்கு அல்ல, ஓடுவதற்கு வரட்டும்.

கடைசியாக ஒன்று. முதலில் ஓடி வருபவனுக்குக் கைதட்டும் பழக்கம் உலகத்துக்கு உண்டு. நீங்கள் கடைசியில் வருபவருக்காகக் காத்திருங்கள். அவர் கிழவராக இருக்கலாம். இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்த தொழிலாளியாக இருக்கலாம். சிகிச்சை முடிந்து, தலைமயிர் முளைக்கத் தொடங்கிய தாயாக இருக்கலாம். அவரோடு ஒரு தோழர் கூடவே நடந்து வரட்டும். அவர் எல்லையைத் தொடும்வரை பந்தலைப் பிரிக்காதீர்கள், கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

அவர் வந்து சேர்ந்தால்தான் ஓட்டம் முடிந்தது. அதுவரை, ஊரே, நில்!