நீச்சலும் சுவாசமும்: மும்பைப் பள்ளிகளுக்கு ஒரு யோசனை

தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பல திருநெல்வேலிச் சீமையைப் பூர்விகமாக உடையவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி அவர்களுடைய முன்னோர் அங்கு குடியேறினர். ஆற்றிலும் ஊர்க் கிணற்றிலும் நீந்திப் பழகிய அம்மக்களின் வழிவந்த சிறுவர்களுக்கு இன்று அண்மையிலுள்ள நீர், மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமுமே. நகரின் கழிவுகளைச் சுமக்கும் அந்நீரில் எவரும் இறங்கலாகாது.

நீரைப் போலவே காற்றும் கெட்டிருக்கிறது. கும்பார்வாடாவின் மட்பாண்டச் சூளைகள் தாராவியின் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவிலேயே எரிகின்றன. செம்பூரை அடுத்த டிராம்பேப் பகுதியில் 1950-களிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கி வருகின்றன. மாதுங்காவின் சாலைகளில் வாகனப் புகைக்குக் குறைவில்லை. இத்தகைய இடங்களில் வளரும் குழந்தைகளுக்கு நீச்சல் எவ்வகையில் உதவும் என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

முதலில் உடலியல் கூறுவதைக் காண்போம். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கழுத்தளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் மார்பையும் வயிற்றையும் நெருக்குகிறது. அதனால் சுவாசத் தசைகளின் வேலை, தரையில் உள்ளதைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகரிப்பதாக ஆய்வில் கண்டுள்ளனர். உதரவிதானமும் விலா எலும்புகளுக்கிடையேயுள்ள தசைகளும் இவ்வாறு இடைவிடாமல் பயிற்சி பெற்று வலுவடைகின்றன. மேலும், நீந்துவோர் தலையைத் திருப்பிய கணத்தில் விரைவாக மூச்சை இழுத்து, முகம் நீருக்குள் இருக்கும்போது நிதானமாக வெளிவிட வேண்டும். மூச்சை முழுமையாக வெளிவிடும் இப்பழக்கத்தை இவ்வளவு கண்டிப்பாகக் கற்பிக்கும் விளையாட்டு வேறில்லை எனலாம்.

ஆஸ்த்மா உடைய குழந்தைகளுக்கும் நீச்சல் பெரும்பாலும் ஏற்றதே. வறண்ட காற்றில் ஓடும்போது சுவாசக் குழாய்கள் உலர்ந்து சுருங்குவதுண்டு. நீர்ப்பரப்பின் மேலுள்ள ஈரக்காற்று இதனைக் குறைக்கிறது. 5 முதல் 18 வயது வரையுள்ள 262 பேரை உட்கொண்ட 8 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2013-இல் தொகுத்து ஆராய்ந்தது. நீச்சற் பயிற்சியை அக்குழந்தைகள் நன்கு தாங்கினர் என்றும், அவர்களுடைய நுரையீரலின் செயல்திறனும் உடல் வலுவும் உயர்ந்தன என்றும் அது முடிவு கூறிற்று. ஆயினும் ஏனைய தேகப்பயிற்சிகளைவிட நீச்சல் சிறந்தது என்று அதனால் நிறுவ இயலவில்லை.

இவ்விடத்தில் மிகைக் கூற்றுகளை நாம் விலக்க வேண்டும். நுரையீரலில் படிந்த கரியை நீச்சல் கழுவிவிடாது, க்ஷயரோகத்தையும் குணப்படுத்தாது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமும் மாணவனைக் குளத்துக்கு அழைத்துச் செல்லாமல், சளிப் பரிசோதனைக்கே அனுப்ப வேண்டும். வேறோர் உண்மையும் உண்டு. உடற்பயிற்சியின்போது நாம் உள்ளிழுக்கும் காற்று பன்மடங்கு பெருகுகிறது. காற்று கெட்டிருந்தால் நச்சும் அவ்வாறே பெருகும். மும்பையில் குளிர்கால மாதங்களில் கடற்காற்றின் வேகம் குறைந்து தூசும் புகையும் தரையருகே தங்கும். அத்தகைய நாட்களில் காற்றின் தர அறிவிப்பைப் பார்த்தே பயிற்சியை நடத்துதல் நலம்.

குளத்து நீரிலும் கவனம் தேவை. கிருமிகளை அழிக்கச் சேர்க்கும் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமின்களாக மாறி, கண்ணையும் தொண்டையையும் உறுத்துகிறது. கூரையிட்ட குளங்களில் இவ்வாவி தேங்கி நிற்கும். கடுமையான நெடி வீசும் குளம் தூய்மையானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஆகவே ஒவ்வொருவரும் குளித்த பின்னரே குளத்தில் இறங்க வேண்டும். ஆஸ்த்மா உடைய சிறுவனின் மூச்சுமருந்துக் குழல் குளக்கரையிலேயே இருக்க வேண்டும். நீருக்கடியில் மூச்சடக்கும் போட்டியை ஒருபோதும் அனுமதிக்கலாகாது. வேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, மூச்சு விடவேண்டும் என்னும் உந்துதல் தாமதமாகும். அதற்குள் நினைவு தப்பி உயிரே போகலாம்.

செம்பூரில் ஜெனரல் அருண்குமார் வைத்யாவின் பெயராலும், தாதர் சிவாஜி பூங்காவை அடுத்து மகாத்மா காந்தியின் பெயராலும் மாநகராட்சியின் நீச்சல் குளங்கள் அமைந்துள்ளன. ஆனால் உறுப்பினர் கட்டணம் செலுத்தி நீந்த வருதல் தாராவியின் கூலித் தொழிலாளர் குடும்பத்துக்கு எளிதன்று. ஆதலால் இத்தகைய பொதுக் குளங்களில் வாரத்தில் சில மணி நேரத்தைச் சுற்றுப்புறப் பள்ளிகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெண் குழந்தைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். இல்லையேல் அவர்கள் வரமாட்டார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மாணவரின் சுவாசத் திறனையும் எளிய கருவி கொண்டு அளந்து பதிவேட்டில் எழுதிவைத்தல், அறிவியல் ஆசிரியருக்கு நல்லதொரு செயல்முறைப் பாடமாகவும் அமையும்.

குளம் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டுவதில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பாத்திரத்தில் நீர் கொடுத்து, உறிஞ்சுகுழல் வழியே மெதுவாகக் குமிழிகளை ஊதச் சொல்லலாம். நீண்ட மூச்சை வெளிவிடும் முதற்பாடத்தை வகுப்பறையிலேயே இவ்வாறு தொடங்கிவிடலாம்.

நீச்சலைக் கற்பித்துவிட்டோம் என்று காற்றைத் தூய்மையாக்கும் பொறுப்பிலிருந்து எவரும் விலகிக்கொள்ள இடமில்லை. ஆனால் அப்பணி நிறைவேறும் நாள்வரை இன்றைய சிறுவன் வளராமல் காத்திருப்பானா? வலிய மூச்சையும், நீரில் உயிர் காக்கும் திறனையும் அவனுக்கு இப்பொழுதே அளிப்பது நம் கடமையாகும்.