சாயம் வேறு, வர்ணம் வேறு

பழைய தொடர்கதைகளை மறுபதிப்புப் போடுகிறவர்கள் சிலருக்குச் சமீப காலமாக ஒரு சபலம் தட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் கறுப்பு மையில் வரைந்த சித்திரங்களுக்குக் கம்ப்யூட்டரில் வர்ணம் ஏற்றி, ‘புதுப் பொலிவுடன்’ வெளியிட்டுவிடுகிறார்கள். வரைந்தவர் அநேகமாகக் காலமாகியிருப்பார், ஆட்சேபிக்க வரமாட்டார். வாசகர்களும், ‘அழகாகத்தானே இருக்கிறது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

கோட்டுச் சித்திரம் என்பது வர்ணம் பூச மறந்துபோன சித்திரம் அல்ல. அது முழுமையான சித்திரம். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகச் சில்பி வரைந்த கோயிற் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லின் சொரசொரப்பு, காலம் தேய்த்த வழவழப்பு, தூணுக்குப் பின்னால் ஒண்டி நிற்கும் இருட்டு, எல்லாமே மைக்கோடுகளின் நெருக்கத்தாலும் இடைவெளியாலும் வந்தவை. நிழலை அவர் கோட்டால் சொல்லி முடித்துவிட்டார். அதன் மேல் ஒரு பழுப்பை அப்பினால் ஒரே சங்கதியை இரண்டு தரம் சொன்னதாகும். காதில் சொன்னதையே மறுபடியும் ஒலிபெருக்கியில் சொல்வதற்கு என்ன பெயரோ, இதற்கும் அதே பெயர்தான்.

வர்ணம் இல்லாவிட்டால் சித்திரம் செத்துப்போய்விடும் என்கிறவர்களை விழுப்புரத்துக்கு ஒரு ரயில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகச் சொல்வேன். ஊருக்கு வடமேற்கே பனமலை இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே. அதில் ஒரு சிறு சந்நிதிச் சுவரில், சிவபெருமானின் நடனத்தைப் பார்த்தபடி ஒரு காலை மடக்கி நிற்கிறாள் பார்வதி. தலைக்கு மேலே குடை. தீட்டிய வர்ணத்தில் பெரும் பகுதியைச் சுமார் 1,300 வருஷங்கள் தின்றுவிட்டன. எஞ்சியிருப்பது பெரும்பாலும் கோடுதான். ஆயினும் அந்த இடுப்பின் வளைவில், சாய்ந்த தலையில், ஓர் உயிர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அதே வட்டாரத்தில் கீழ்வாலைப் பாறைகளில் ஆதி மனிதன் செங்காவியால் தீட்டியிருக்கிறான். அவனுக்குக் கிடைத்த அந்த ஒரு நிறமே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. திண்டிவனத்துக்குக் கிழக்கே பெருமுக்கல் குன்றில் உள்ள குகையில் நிறமும் வேண்டாமென்று பாறையைக் கீறியே உருவங்களைச் செய்திருக்கிறார்கள். கோடு மட்டும் நிற்கும். ஒரு நிறம் மட்டும் நிற்கும். காரணமில்லாத பத்து நிறங்கள்தாம் நிற்பதில்லை.

வர்ணத்துக்கு நான் விரோதி என்று யாரும் எண்ண வேண்டாம். 1947 ஜூலையில் பிறந்த அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் கத்தியுடன் நடக்கும் விக்கிரமாதித்தனைச் சங்கர் போட்ட படம் மறக்குமா? மைக்கோடு உருவத்தைத் தாங்கும். வர்ணம் அதற்கு அடங்கி நடக்கும். அச்சுக்கூடத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளாக் செய்து, தாளை மறுபடியும் யந்திரத்தில் விட்ட காலத்தில், கறுப்போடு இன்னும் ஒரே ஒரு நிறம் கிடைத்தாலே பெரிய காரியம். அந்த ஒன்றைப் புடவையில் வைப்பதா, விளக்கில் வைப்பதா, ரத்தத்தில் வைப்பதா என்று சித்திரக்காரர் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனைக்குப் பெயர்தான் கலை. இன்று லட்சக்கணக்கான நிறங்கள் கைக்கெட்டுகின்றன. யோசனைதான் எட்டாமல் போயிற்று.

என் சிறுகதை ஒன்றுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சாகக் கிடக்கும் தகப்பனாரைப் பார்க்க வருகிறான் மகன். ரயில் திண்டிவனத்தைத் தாண்டும்போதே, ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று போன் வந்துவிடுகிறது. நள்ளிரவில் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியவன், வீட்டுக்குப் போகக் கால் வராமல் டீக்கடை முன்னால் நிற்கிறான். சித்திரம் போட்ட இளைஞர் பக்கம் முழுவதையும் கறுப்புக் கோடுகளால் இருட்டாக்கி, டீக்கடை பல்பின் மஞ்சளை மட்டும் அவன் பாதி முகத்தில் விழவிட்டிருந்தார். என் கதையை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார் மனிதர்! பத்திரிகை வந்தது. வானம் ஊதா, சட்டை பச்சை, பெஞ்சு ஆரஞ்சு. ‘பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டாமா, ஸார்?’ என்றார்கள் காரியாலயத்தில். மஞ்சள் அப்படியேதான் இருந்தது, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைப்போல.

வரைகிறவர்களுக்குத் தெரிந்த விஷயந்தான். வர்ணம் பூசும் காரியாலயங்களுக்காகச் சொல்கிறேன். முதலில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று தீர்மானமாக வேண்டும், நிறம் அதற்கப்புறம். கோடுகள் அடர்ந்த இடத்தில் வர்ணம் மெல்லியதாக இருக்கட்டும், அல்லது இல்லாமலே இருக்கட்டும். வர்ணத்தாலேயே நிழல் காட்டப் போகிறீர்களானால், கோடுகளை வரையும்போதே குறைத்திருக்க வேண்டும். தாளின் வெள்ளையும் ஒரு நிறம். அதைக் காலி மனையென்று நினைத்துக் குடியேறாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறத்தைத் தேர்கிற உரிமை கோட்டைப் போட்டவருக்கே. அவர் இருந்தால் அவரைக் கேளுங்கள், கூலியும் கொடுங்கள். அவர் இல்லையென்றால் கையை எடுங்கள்.

‘வர்ணம் இருந்தால்தான் வாசகர்கள் வாங்குகிறார்கள்’ என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். வாசகர்களை இப்படிக் குறைத்து மதிப்பிடுகிறவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. கதை என்பதே வெள்ளைத் தாளில் கறுப்பு மைதானே? அதைப் படித்துவிட்டுத்தான் நம் வாசகர்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், விடிய விடிய விழித்திருக்கிறார்கள். கதாநாயகியின் புடவை நிறத்தை ஆசிரியர் சொல்லாமல் விட்டாலும் அவர்களே ஒரு நிறம் உடுத்திவிடுகிறார்கள். எழுத்துக்குச் செய்கிற அந்த உபகாரத்தைக் கோட்டுக்கும் செய்ய அவர்களுக்குத் தெரியும். தயவுசெய்து குறுக்கே நிற்காதீர்கள்.