ஒயின் ஷாப்பில் ஒயின் எங்கே?

“மச்சி, இந்த வீக் எண்ட் பாண்டி போலாமாடா?”

சென்னையிலும் பெங்களூரிலும் வெள்ளிக்கிழமை மதியம் எந்த ஆபீஸ் கேன்டீனிலும் இந்தக் கேள்வி காதில் விழும். எதற்குப் போகிறோம் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. பாரதி 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் வாழ்ந்த ஊர், பாரதிதாசன் பிறந்த ஊர் என்பதெல்லாம் அந்த உரையாடலில் வராது. சரக்கு. அதுவும் நம்ம ஊரை விடக் குறைந்த விலையில். அவ்வளவுதான் பாண்டி.

கொஞ்சம் காசு சேர்ந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர்கள் வேறு மாதிரி பிளான் போடுகிறார்கள். மஞ்சள் சுவர், போகன்வில்லா, ரூ துய்மா தெருவில் ஒரு ஓட்டல், மேஜை மேல் நீளக் கால் வைத்த கண்ணாடிக் கோப்பை. “பிரெஞ்சு ஊர்ல ஒயின் சாப்பிடற ஃபீலே தனி!”

புதுச்சேரிக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பையில் இருப்பது எங்கள் ஊரில் விளைந்தது இல்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது, கரும்பு விளைகிறது. நீங்கள் குடிக்கிற ஒயின் மகாராஷ்டிராவிலிருந்து லாரியில் வந்தது. இல்லாவிட்டால் கடல் தாண்டி வந்தது. 1674ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ல் நிர்வாகத்தைக் கையளிக்கும் வரை, நடுவில் சில இடைவெளிகள் போக, ஏறக்குறைய 280 வருஷம் இங்கே இருந்தார்கள். பாட்டிலையும் கோப்பையையும் விட்டுவிட்டுப் போனார்கள். சாப்பாட்டோடு ஒரு கோப்பை, ஒரு மணி நேரம் பேச்சு என்ற அவர்களுடைய பழக்கம் மட்டும் பின்னாலேயே கப்பல் ஏறிவிட்டது. இப்போது இங்கே வருகிறவர்கள் ஞாயிறு சாயங்காலத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்ற அவசரத்தில் குடிக்கிறார்கள்.

ஒயினுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. ஊருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மண்ஜாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. அவற்றில் கணிசமானவை ஒயின் வந்த ஜாடிகள். கிரேக்கத் தீவான கோஸ் வகை ஜாடிகளும் உண்டு. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டி ஆராய்ந்தார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றி நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒயின் வந்து இறங்கிய ஆற்றங்கரைக்கு ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரம். மாந்தோப்பும் தென்னையுமாக அமைதியான இடம். வார இறுதியில் வந்து போகிற கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள்? கோரிமேட்டிலும் கன்னியக்கோயிலிலும் எல்லைக் கோட்டை ஒட்டி இருக்கிற கடைகளுக்கு வழி கேட்காமலே போகத் தெரிகிறது.

ஈர்ப்பு விலைதான் என்பதை அரசாங்கமே ஒருமுறை நிரூபித்தது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக்கு நடுவே கடைகளைத் திறந்தபோது, பக்கத்து மாநிலக் கூட்டம் வந்து குவியக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லியே சிறப்பு வரி போட்டு, விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக ஏற்றினார்கள். 2021ல் வரியை எடுத்தார்கள். பழையபடி கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டின.

சரி, ஒயின்தான் ஆசை. திராட்சைத் தோட்டம், ஆறு, மலை, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் இரண்டு நாள். பிரான்ஸின் லுவார், போர்ச்சுகலின் டோரோ என்று டிராவல் சேனலில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோமே, அந்த ஆசையில் தப்பே இல்லை. லுவாரை 2000லும் டோரோவை 2001லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடிய ஒரு பள்ளத்தாக்கு நம்மிடமும் இருக்கிறது. கம்பம்.

ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாறு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி என்று ஊர் ஊராகக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுத் திராட்சை. பெரும்பாலும் பன்னீர் திராட்சை. கருநீலம், உள்ளே விதை, வாயில் போட்டால் பன்னீர் வாசனை. உலகத்தின் பல இடங்களில் திராட்சை வருஷத்துக்கு ஒரு அறுவடை. இங்கே கவாத்து செய்கிற நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி, ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இந்தப் பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக்கு இதை 1832ல் கொண்டுவந்தவர் ஒரு பாதிரியார் என்பார்கள். எந்த நாட்டுப் பாதிரியார்? பிரெஞ்சுக்காரர்! பிரெஞ்சு ஒயின் தேடிப் புதுச்சேரிக்கு வருகிற அன்பர்களே, பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த கொடி 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் தப்பான ஊரில் இறங்கிவிட்டீர்கள்.

அந்தப் பழத்துக்கு நாம் என்ன மரியாதை செய்திருக்கிறோம்?

தமிழ்நாட்டில் சாராயக் கடைக்கு மக்கள் வைத்த பெயர் ஒயின் ஷாப். உலகத்திலேயே ஒயின் கேட்டால் ஆளை ஒரு மாதிரி பார்க்கிற ஒயின் ஷாப் நம்முடையதாகத்தான் இருக்கும். 1983ல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அரசாங்கமே கடைக்காரர். அங்கே ஆறாக ஓடுவது பிராந்தி. பிராந்தி என்றால் மற்ற நாடுகளில் திராட்சையிலிருந்து காய்ச்சி எடுப்பது. நம்ம ஊர் மலிவு பிராந்தியில் பெரும்பாலும் இருப்பது, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயம். அதில் நிறம், வாசனை சேர்த்துவிட்டு, லேபிளில் மட்டும் சில சமயம் திராட்சைக் கொத்து படம் போடுகிறார்கள். பிராந்தி குடிப்பதில் முன்னணியில் நிற்கிற ஒரு மாநிலத்தில், திராட்சை விளைவிக்கிறவர் விலை இல்லாமல் தவிக்கிறார். இதைவிடப் பெரிய கேலிக்கூத்து உண்டா?

பன்னீர் திராட்சை தோல் மெல்லிசு. பறித்தால் சீக்கிரம் விற்றாக வேண்டும். பழுக்கிற நேரத்தில் மழை வந்தால் வெடிக்கும், ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய். மாசி, பங்குனியில் மகாராஷ்டிராவின் விதையில்லாத திராட்சை வந்து இறங்கினால் விலை சரியும். வியாபாரி சொன்னதுதான் விலை. “விதை இருக்குப்பா, வேணாம்” என்று நாமும் தள்ளுவண்டியில் பச்சை திராட்சையைக் காட்டுகிறோம். இப்படி ஒரு பழத்தை ஜூஸாக, உலர் பழமாக, ஒயினாக மாற்றி வைத்தால்தான் விளைவிக்கிறவருக்குப் பேரம் பேசத் தெம்பு வரும்.

மகாராஷ்டிரா அதைச் செய்தது. அமெரிக்காவில் வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சமந்த், நாசிக்கில் கங்காபூர் அணைப் பக்கம் கொடி நட்டார். 2000ல் சூலாவின் முதல் ஒயின் வந்தது. 2001ல் மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, ஒயினுக்குக் கலால் வரிச் சலுகை கொடுத்தது. 2010ல் நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடு. இன்று பம்பாய்க்காரர்கள் தோட்டம் பார்க்க, தங்க, ருசி பார்க்க கோதாவரிக் கரைக்குப் போகிறார்கள். நம்ம ஐ.டி. இளைஞர்களும் ஃப்ளைட் பிடித்துப் போய், கொடிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். கம்பம் எந்த ஜில்லா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

“ஏற்கெனவே குடித்துச் சீரழிகிற ஜனங்களுக்கு ஒயினை வேற சிபாரிசு பண்றீங்களா?” என்று ஒரு கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தை அடுத்த தெரு டாஸ்மாக் வாசலில் காட்டுங்கள். ஒரு குடும்பத்தின் கூலியை ஒரே ராத்திரியில் விழுங்குவது கம்பத்துத் திராட்சை இல்லை. தமிழக அரசுக்குப் பெரிய வருமானம், புதுச்சேரி அரசுக்கும் பெரிய வருமானம் எதில் வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். எரிசாராயத்தை விற்பதில் கூச்சம் இல்லாத அரசாங்கங்களுக்கு, திராட்சை விவசாயி வாயைத் திறக்கும்போது மட்டும் ஒழுக்கம் ஞாபகம் வருவதுதான் எனக்கு எரிச்சல். குடியே வேண்டாம் என்கிறவர்களும் தாராளமாகக் கம்பம் போகலாம். பழம் தின்பதற்கு எந்த மதுவிலக்கும் குறுக்கே நிற்காது.

“கம்பத்துல என்ன சார் இருக்கு? ஒரு நல்ல ஓட்டல்கூட இல்லை” என்பது அடுத்த கேள்வி. நாசிக் மாதிரி ருசி பார்க்கும் கூடமும் நீச்சல் குளமும் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். ஆனால் மலையாளிகள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தேக்கடி வருகிறவர்கள் குமுளியிலிருந்து மலை இறங்கி வந்து, கூடலூர், சுருளிப்பட்டிப் பந்தலுக்கடியில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, பெட்டி பெட்டியாகப் பழம் வாங்கிப் போகிறார்கள். சில விவசாயிகள் வியாபாரியை நம்பாமல் தோட்டத்து வாசலிலேயே பழமும் ஜூஸும் விற்கத் தொடங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் அரசாங்கம் ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த முறை “பாண்டி போலாமா” என்று யாராவது ஆரம்பித்தால் இதைக் காட்டுங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் ரயில், 2023 ஜூனில் ஆரம்பித்தது. ராத்திரி ஏறினால் காலையில் தேனி. அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து என்றால் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், தேனி. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துவிடுங்கள். பொங்கல் நல்ல நேரம். ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்தநாள். 1895ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த அந்த இங்கிலீஷ் இன்ஜினீயருக்கு அன்றைக்குப் பாலார்பட்டியில் பொங்கல் வைப்பார்கள். லோயர்கேம்ப்பில் 2013ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. சுருளி அருவியில் தண்ணீர் இருந்தால் குளித்துவிட்டு, திரும்பும் வழியில் சுருளிப்பட்டியில் வண்டியை நிறுத்துங்கள். தோட்டக்காரர் என்ன விலை சொல்கிறாரோ, அதைக் கொடுத்து வாங்குங்கள். பாண்டியில் பார் பில்லை யாரும் பேரம் பேசியதில்லை.