வார்டு மாறினால் போதுமா?

பிறவி இதயக் குறைபாடு, தலசீமியா, முதல் வகை நீரிழிவு, ஹீமோஃபீலியா, நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை குழந்தைப் பருவத்தில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடன் வருபவை. இந்நோய்களோடு வளரும் ஒருவர் ஒரு கட்டத்தில் குழந்தைகள் நலப் பிரிவை விட்டுப் பெரியவர்களுக்கான பிரிவுக்குச் சென்றாக வேண்டும். எப்போது செல்வது என்பதைத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஓ.பி. சீட்டில் எழுதப்படும் வயதே முடிவு செய்கிறது. 12 வயது தாண்டிவிட்டால் குழந்தைகள் வார்டில் இடமில்லை.

சட்டம் சொல்லும் வயது வேறு. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதன்படியும், போக்சோ சட்டத்தின்படியும், சிறார் நீதிச் சட்டத்தின்படியும் 18 வயது நிறையும்வரை ஒருவர் குழந்தைதான். 2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இதய வால்வில் பழுது இருப்பதை இந்தக் குழு கண்டறிகிறது என்று வைத்துக்கொண்டால், பரிந்துரைச் சீட்டோடு போகும் அவளை மருத்துவமனை பெரியவர்கள் வரிசையில் நிற்க வைக்கும். ஒரே சுகாதாரத் துறையில் ஒரு மேசைக்குக் குழந்தையாகத் தெரிபவள் அடுத்த மேசைக்குப் பெரியவள்.

இப்படியொரு சிக்கல் எழுந்ததே மருத்துவம் கண்ட வெற்றியால்தான். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை, முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் பெரியவர்களாவது அரிது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோரில் ‘நீலக் குழந்தை’ ஒன்றுக்குச் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை, இதயக் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு வழி திறந்தது. இன்று வசதி படைத்த நாடுகளில் அத்தகைய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பெரியவர்களாகிறார்கள். தொடர்ந்து இரத்தம் ஏற்றினால் தலசீமியா உள்ளவர்களும் நெடுநாள் வாழ்கிறார்கள். பிழைத்து வளர்ந்தவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விதான் பதிலின்றி நிற்கிறது.

பிழைத்துவிட்டதாலேயே நோய் போய்விட்டது என்று குடும்பங்கள் நம்பிவிடுவதும் உண்டு. ‘ஆபரேஷன் முடிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது’ என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. நீலக் குழந்தைகளில் பலருக்கு இருப்பது ஃபாலோ நால்குறைபாடு. இதை முழுமையாகச் சரிசெய்த பின்னும் நுரையீரல் தமனி வால்வில் கசிவு இருந்துகொண்டே இருக்கலாம். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இதயத்தின் வலது அறை மெல்ல வீங்கும். உரிய காலத்தில் வால்வை மாற்ற, ஆண்டுதோறும் யாராவது எக்கோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தேவை. குறைந்தது 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை அந்த ஊசி தொடர வேண்டும். தலசீமியாவில் இரத்தத்தோடு சேர்ந்து உடலில் தங்கும் இரும்பை வெளியேற்ற அன்றாடம் மாத்திரை உண்டு. இவற்றில் எதை விட்டாலும் அன்றைக்கு வலிக்காது என்பதுதான் ஆபத்து. விட்டவரை யாரும் தேடாவிட்டால், அவர் அடுத்து மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் அவசரப் பிரிவின் வழியாகத்தான்.

பிரிவு மாறும் இந்த வயதேதான் மருந்தை விடும் வயதும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அதை இழக்கும் ஆபத்து 17 முதல் 24 வயதுக்குள் உச்சத்தில் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதுவரை மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தவர் தாய். குழந்தை மருத்துவர் பேசியதும் தாயிடம்தான். கல்லூரி விடுதிக்குப் போனதும் அந்தக் கை இல்லை, அறைத் தோழர்கள் முன்னால் ஊசி போட்டுக்கொள்ளக் கூச்சம். பெரியவர் பிரிவிலோ மருத்துவர் நேராக நோயாளியிடமே கேட்கிறார்: என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்? பத்து ஆண்டுகள் விழுங்கிய மாத்திரையின் பெயரைச் சொல்ல அந்த இளைஞருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மாரடைப்பு நோயாளிகளே நிறைந்த இதயப் பிரிவில், பிறவிக் குறைபாட்டைச் சரிசெய்த இதயத்தை அதிகம் பார்த்திராத மருத்துவர் அமர்ந்திருக்கவும் கூடும்.

பெண்களுக்கு இந்த வயது இன்னும் கடினமானது. திருமணப் பேச்சு தொடங்கியதும் நோய் வீட்டுக்குள் மறைக்கப்படுகிறது, கோப்பு பெட்டிக்கு அடியில் போகிறது, மாதாந்திர மருத்துவமனைப் பயணம் நிற்கிறது. செயற்கை உலோக வால்வு உள்ள பெண் உண்ணும் வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். அதைத் தானாக நிறுத்தினாலோ வால்வில் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகும். வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட்டும் கருவில் குறைகளை உண்டாக்கக்கூடியது. இவற்றைப் பற்றிப் பேச வேண்டியது கருவுறுவதற்கு முன்பு, அதுவும் அந்தப் பெண்ணிடமே. குழந்தைகள் பிரிவு அவளுக்கு அந்த வயது வரவில்லை என்கிறது, பெரியவர் பிரிவுக்கு அவளைத் தெரியவே தெரியாது.

பிரிட்டனில் அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2016-இல் இந்தப் பிரிவு மாற்றத்துக்கென நெறிமுறை வெளியிட்டது. 13, 14 வயதிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பொறுப்பாளர் ஒருவர் பெயர் குறிப்பிட்டு அமர்த்தப்பட வேண்டும். புதிய மருத்துவரை முன்கூட்டியே சந்திக்க வைக்க வேண்டும் என்கிறது அது. அங்கும் எல்லா இடத்திலும் இது நடந்துவிடவில்லை. ஆனால் நடக்காதபோது தவறு யாருடையது என்று கேட்க ஓர் ஏடு இருக்கிறது.

படுக்கையும் மருத்துவரும் போதாத இடத்தில் இது ஆடம்பரம் என்று நிர்வாகிகள் சொல்லக்கூடும். கைக்குழந்தைகளுக்கு நடுவே 17 வயது இளைஞரைக் கிடத்த முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் இங்கே கேட்கப்படுவது புதிய கட்டடம் இல்லை. மாதத்தில் ஒரு பிற்பகல் இரு பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து அமரும் ஓ.பி., நோயையும் மருந்தையும் அடுத்த பரிசோதனை நாளையும் தமிழில் எழுதிய ஒரு பக்கச் சுருக்கம், வராதவரைத் தொலைபேசியில் அழைக்க ஒரு செவிலியர். இவ்வளவுதான் தேவை. கருவுற்றதுமே பதிவு எண் கொடுத்து, தடுப்பூசித் தேதி தவறினால் கிராம சுகாதாரச் செவிலியரை வீட்டுக்கே அனுப்பும் மாநிலம் இது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த மாத்திரையை வாசலில் கொண்டுபோய்த் தருகிறார்கள். அவர்களுடைய பட்டியலில் பென்சிலின் ஊசிக்கு நாள் வந்த 19 வயது இளைஞரின் பெயரையும் சேர்ப்பது முடியாத காரியமா?

வாழ்நாள் நோய் உள்ளவர்களுக்குக் குழந்தைகள் நலப் பிரிவின் வயது வரம்பு 18 என்று சுகாதாரத் துறை ஆணை பிறப்பிக்க வேண்டும். ஆயத்தம் 14 வயதில் தொடங்க வேண்டும். பெரியவர் பிரிவின் பதிவேட்டில் முதல் வருகை பதிவாகும்வரை, அந்த நோயாளிக்குக் குழந்தைகள் நலப் பிரிவே பொறுப்பு என்பதையும் அதே ஆணையில் எழுத வேண்டும்.